ஃபஹ்மியாவின் விரல்கள்

புத்தளத்தில் நான் நோயாளிகளுக்குச் சீட்டுக் கொடுக்கும் பல் கிளினிக்கின் பின்னறையில், உலோகப் பற்களை அராவி மினுக்குகிறவள் ஃபஹ்மியா. பன்னிரண்டு வருடமாக அதே ஸ்டூல். தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த குடும்பம். அவள் பிறந்தது இங்கே. பொறுமைக்காரி. அந்தப் பொறுமையைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வருடம் அவளுடைய விரல் நுனிகள் சிவந்து, கொப்புளித்து, வெடித்தன. ஊர் முழுக்க வைத்தியர்தானே! "இது கிரந்திப் புண், இறாலை நிப்பாட்டு" என்றார்கள். நிறுத்தினாள். பிறகு கணவாய், நண்டு, கடைசியில் மீனே இல்லை. கடலோரத்தில் இருந்துகொண்டு பருப்பும் பாணும்! பெருநாள் லீவில் கை ஆறியது. "பார்த்தீங்களா ராத்தா, பத்தியம் வேலை செய்யுது" என்று என்னிடம் காட்டினாள். கிளினிக் திறந்த நாலாம் நாள் பழையபடி வெடித்தது. அப்போதும் அவள் குற்றம் சொன்னது, கல்யாண வீட்டில் தின்ற ஒரு துண்டுக் கருவாட்டை.

நான்தான் சண்டை பிடித்துத் தோல் டொக்டரிடம் இழுத்துப் போனேன். அவர் முதுகில் மருந்து ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பார்த்துச் சொன்னார்: "மீனில ஒண்டுமில்ல. இது நிக்கல். பல்லை அராவும்போது பறக்குதே, அந்தத் தூள். அந்த வேலையை விடணும்."

ஃபஹ்மியா அழவில்லை. "எனக்கு வேற என்ன தெரியும்?" என்றாள்.

எங்கள் பல் டொக்டர் நல்ல மனிதர். "பல்லுக்கு மெழுகு அச்சு செய்யிற வேலையை மட்டும் செய்யுங்க, உலோகப் பல் கொழும்பில அராவி வரட்டும்" என்றார். அல்ஹம்துலில்லாஹ் என்று மூச்சு விட்டோம். முதலில் வந்த பல்லே பொருந்தவில்லை. கண்டக்குழிப் படகுக்காரர் ஒருவர் வாயைத் திறந்தபடி கதிரையில். டொக்டர் பின்னறையை எட்டிப் பார்த்து, "ரெண்டு நிமிச வேலைதான்" என்றார். கையுறை போட்டால் பல்லின் விளிம்பு விரலுக்குத் தெரியாது என்றாள் ஃபஹ்மியா. வெறுங்கையாலேயே அராவிக் கொடுத்தாள். பல் கச்சிதமாகப் பொருந்தியது. நான் கத்தினேன்.

"ஆள் வாயைத் திறந்துகொண்டு இருக்காரு, நான் கையைப் பார்க்கவா?" என்றாள்.

அந்த இரண்டு நிமிடம் இப்போது தினமும் வருகிறது. சில நாள் மூன்று தடவை. எனக்கும் கத்திக் கத்திக் களைத்துவிட்டது.

நேற்றுக் காலை ஏழு வயது மகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகியிருந்தது, பிள்ளையின் தலை விரிந்து கிடந்தது.

"ராத்தா, இவளுக்குக் கொஞ்சம் பின்னி விடுங்க. எனக்கு விரல் மடங்குதில்ல."

நான் சீப்பை எடுத்தேன். உள்ளேயிருந்து டொக்டர் ஃபஹ்மியாவைக் கூப்பிட்டார். அவள் எழும்பிப் போனாள்.