பதினாறு குடும்பங்களின் முறை

காலை ஆறேகாலுக்குக் கணக்கு டீச்சரின் படுக்கை விரிப்பை மாற்றுவது என் அண்ணியின் வேலை. படுத்திருப்பவரைக் கட்டிலைவிட்டு இறக்காமலே மாற்ற வேண்டும். டீச்சரை ஜன்னல் பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஈரமான விரிப்பை நீளவாக்கில் சுருட்டி அவர் முதுகோடு ஒட்டி வைப்பார் அண்ணி. வெதுவெதுப்பான தண்ணீரில் முதுகைத் துடைத்து, தேய்க்காமல் ஒற்றி எடுத்து, இடுப்பெலும்பின் மேல் விரலால் அழுத்திப் பார்ப்பார். அழுத்தின இடம் வெளுத்துவிட்டுத் திரும்பச் சிவந்தால் பயமில்லை. சிவப்பு அசையாமல் நின்றால் அங்கே புண் வரப் போகிறது என்று அர்த்தம். அப்புறம் புது விரிப்பில் பாதியை விரித்து, மீதியைச் சுருட்டி, அந்த மேட்டைத் தாண்டி டீச்சரை இந்தப் பக்கம் புரட்டி, கட்டிலைச் சுற்றிப் போய்ப் பழையதை உருவிப் புதியதை இழுத்துவிடுவார். ஒரு சுருக்கம் இருக்கக் கூடாது.

இவ்வளவும் முடிந்ததும் டீச்சர் ஒரு வார்த்தை சொல்வார். நன்றி என்று நினைத்துவிடாதீர்கள்.

"கை என்ன, கரண்டியா? ரம்பமா? தையல்காரி கை தையல்காரி கைதான்."

"ஆமா டீச்சர், ஊசி குத்திக் குத்திச் சொரசொரன்னு ஆயிடுச்சு" என்பார் அண்ணி. "மத்தியானம் தேங்காயெண்ணெய் தடவிட்டு வரேன்."

நான் ஒரு நாள் வாசற்படியில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றரை வருடத்தில் அந்த வீட்டுக்கு அது எனக்கு மூன்றாவது தடவை. முறைப்படி முப்பது தடவைக்கு மேல் போயிருக்க வேண்டும். அந்தக் கணக்குக்கு வருகிறேன்.

அண்ணி என்றால் என் பெரிய அண்ணனின் மனைவி. அண்ணன் போய் ஒன்பது வருடமாகிறது. ஒரே மகள், கல்யாணமாகி இரண்டு நாள் ரயில் தூரத்தில் இருக்கிறாள். அண்ணி ஆயத்த ஆடைக் கடை ஒன்றில் ஓரமாய் ஒரு தையல் மிஷினோடு உட்கார்ந்து, வாங்குகிறவர்களின் கால்சட்டை நீளத்தைக் குறைப்பார், இடுப்பைப் பிடிப்பார். எங்கள் சபையில் யாருக்காவது கொக்கி அறுந்தால், பொத்தான் விழுந்தால் அண்ணியின் பையில் ஊசியும் நூலும் இருக்கும். அண்ணியைப் பற்றி அதற்கு மேல் யாரும் யோசித்ததில்லை, நான் உட்பட.

கணக்கு டீச்சரைப் பற்றி எல்லாரும் யோசித்திருக்கிறோம். சபையில் நாற்பது வயது தாண்டிய பாதிப்பேர் அவரிடம் விரல் முட்டியில் அடி வாங்கியவர்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, யாரிடமும் தலை குனிந்ததில்லை. என் அண்ணன் அண்ணியைக் கட்டிக்கொள்வதாகச் சொன்னபோது, ஆராதனை முடிந்து எல்லாரும் வெளியே வருகிற நேரத்தில், பத்துப்பேர் காதுபட, "படிச்ச பையனுக்கு அளவெடுக்க வந்தவதான் கிடைச்சாளா?" என்று கேட்டவர் அவர். அண்ணி அப்போது மூன்றடி தள்ளி நின்றிருந்தார்.

அந்த டீச்சர் பக்கவாதத்தில் விழுந்தார். இடது பக்கம் முழுக்கப் போய்விட்டது. நாக்கு மட்டும் போகவில்லை.

அந்தச் சமயம் உபவாச நாட்கள். போதகர் தன்னை வெறுத்தலைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். ஒரு வேளை சோற்றை விடுவது உபவாசமில்லை, உனக்குப் பிடிக்காத ஒரு மனுஷியின் மலத்தை எடுக்க முடியுமா, அதைச் சொல் என்று கேட்டார். நாங்கள் அழுதோம். நிஜமாகவே அழுதோம். அன்றைக்கே பெண்கள் ஐக்கியத்தின் அறையில் ஒரு பட்டியலை ஒட்டினார்கள். டீச்சரைப் பார்த்துக்கொள்ளப் பதினாறு குடும்பங்கள் பேர் கொடுத்தோம். பதினாறு நாளுக்கு ஒரு நாள். அவ்வளவுதான். ஒரே சிலுவையைப் பதினாறாக வகுத்துக்கொண்டோம்!

அண்ணி அன்றைக்குப் பேர் கொடுக்கவில்லை. கடைசி வரிசையில் யாருக்கோ பாவாடை ஓரம் தைத்துக்கொண்டிருந்தார் என்று ஞாபகம்.

முதல் சுற்று அமர்க்களமாகப் போயிற்று. சூப் போனது, பூ போனது, படம் எடுத்துக்கொண்டார்கள். இரண்டாவது சுற்றில் பல் டாக்டர் மனைவிக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அவர்தான் ஐக்கியத்தின் தலைவி. "ஒரே ஒரு தடவை பாத்துக்கறியாம்மா?" என்று அண்ணியைக் கேட்டார். மூன்றாவது சுற்றில் என் முறை வந்தது. வீட்டில் விருந்தாளி. "அண்ணி, இந்த ஒரு தடவை மட்டும்" என்று போன் போட்டேன். அதே வாசகத்தை அதே வாரம் இன்னும் ஐந்து பேர் சொல்லியிருக்கிறார்கள் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. ஐந்தாவது சுற்றுக்குப் பிறகு யாரும் போன்கூடப் போடவில்லை. அண்ணி இருக்கிறார் என்று ஆகிவிட்டது, குழாயில் தண்ணீர் இருக்கிறது என்பது போல.

அண்ணி தன் வீட்டைப் பூட்டிவிட்டு டீச்சர் வீட்டுத் தரையிலேயே படுக்க ஆரம்பித்தார். கடை அடுத்த தெருவில். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஓடிவந்து டீச்சரைத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு ஓடுவார். அந்த நேரத்தை மாலையில் கூடுதலாக உட்கார்ந்து ஈடுகட்டுவார். நடுவில் டீச்சருக்கு ஒரு தங்கை மகன் முளைத்து, ஒரு வாரம் முதியோர் இல்லத்தில் விட்டுப் பார்த்தான். வாலெலும்பில் உள்ளங்கை அகலத்துக்குப் புண்ணோடு டீச்சர் திரும்பி வந்தார். அது ஆற நான்கு மாதம் ஆயிற்று. ஆற்றியது அண்ணி.

இப்போது சபையின் ஆண்டு விழாவுக்கு வருகிறேன். இதை எழுதும்போதே எனக்குக் காது சுடுகிறது. டீச்சருக்கு ஒன்றரை வருடம் அன்புப்பணி செய்ததற்காகப் பதினாறு குடும்பங்களையும் மேடைக்கு அழைத்தார்கள். சட்டம் போட்ட சான்றிதழ். பட்டியலைப் பார்த்துத்தான் பேர் அச்சடித்தார்கள், பட்டியலில் அண்ணி பேர் எப்படி இருக்கும்? ஐக்கியத்தின் செயலாளர் ஒவ்வொரு பேராக வாசித்தார். நானும் போனேன். இரண்டு கையாலும் வாங்கினேன். கீழே பார்த்தபோது அண்ணி அப்போதுதான் உள்ளே நுழைந்துகொண்டிருந்தார். டீச்சருக்கு வயிற்றுப்போக்கு, அதனால் தாமதம். கடைசி வரிசையில் உட்கார்ந்தார். கை தட்டினார்.

கிண்டலாகத் தட்டியிருந்தாலாவது நான் தப்பித்திருப்பேன். மனதாரத் தட்டினார்.

அடுத்த வாரம் அண்ணியின் மகள் எனக்குப் போன் செய்தாள். ஏழாவது மாதம். இரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, எழுந்திருக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"அத்தை, அம்மாவை அனுப்பி வைங்க."

"உங்கம்மாகிட்ட சொன்னியாடி?"

"சொன்னேன். 'பாக்கறேன் கண்ணு'ன்னாங்க. பாக்கறேன்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? பொண்ணு படுத்துக் கிடக்கறா, அவங்க யாரோ ஒரு டீச்சருக்கு முதுகு தொடைக்கறாங்க. அந்த டீச்சர் எங்கம்மாவ என்ன சொன்னாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா? உங்க சபையில வேற ஆளே இல்லியா அத்தை?"

என் பின்னால் சுவரில் சான்றிதழ் தொங்கியது.

கடைக்குப் போனேன். அண்ணி ஒரு நீலக் கால்சட்டையின் மடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தார். வாயில் இரண்டு குண்டூசி.

"ஏன் அண்ணி, உங்களுக்குச் சூடு சொரணையே கிடையாதா?" என்று ஆரம்பித்தேன். "அந்தக் கிழவி உங்ககிட்ட ஒரு தடவையாவது மன்னிப்பு கேட்டாங்களா?"

குண்டூசியை எடுத்துத் துணியில் குத்தினார். "கேக்கல. கேட்டாதான் தண்ணி குடுக்கணுமா?"

"பிரசங்கம் பண்ணாதீங்க."

"நீதான் பண்றே. நான் மடிப்பு பிரிக்கறேன்." இன்னும் இரண்டு தையலைப் பிரித்தார். "பிடிச்சு செய்யறேன்னு நெனைக்கிறியா? தினமும் அந்தக் கதவுக்கு வெளிய நின்னு, போக வேணாம், போக வேணாம்னுதான் மனசு சொல்லும். ஒரு நாள்கூட ஆசையா போனதில்ல. சரி, நீ கெடன்னு மனசை வெளிய விட்டுட்டு நான் மட்டும் உள்ள போவேன். உள்ள போனப்புறம் முதுகு முதுகாத்தான் தெரியும். யாரு முதுகுன்னு தெரியாது. எனக்கு ஆண்டவர் இரங்கினப்போ, நான் லாயக்கான்னு பாத்தா இரங்கினார்?"

இதற்கு நான் உருகியிருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது.

"நீங்க உங்களை வெறுத்துட்டீங்க, சரி. உங்க பொண்ணை யாரு வெறுக்கச் சொன்னது? நீங்க ஒருத்தி இதைச் சொமக்கறதால பதினாறு வீட்டுல நாங்க நிம்மதியா கால் நீட்டித் தூங்கறோம். எங்களுக்குச் சான்றிதழ் வேற. உங்க தியாகம் எங்களைக் கெடுத்துட்டுது அண்ணி. ஒரு தடவை, ஒரே தடவை, வாயத் தொறந்து கேட்டிருக்கீங்களா?"

மிஷின் சக்கரத்தின் மேல் அவர் கை நின்றுவிட்டது. அண்ணியின் முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததில்லை. அண்ணன் இறந்தபோதுகூட.

"கேக்கறது எனக்கு வராதுடி" என்றார். "செஞ்சிட்டுப் போயிடுவேன். கேக்கறதுதான் கஷ்டம். அதுவும் ஒரு திமிர்தானோ என்னமோ."

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு ஐக்கியக் கூட்டம். பதினாறில் பதினான்கு குடும்பத்துப் பெண்கள் வந்திருந்தார்கள். பிஸ்கட்டும் டீயும் முடிந்ததும் அண்ணி எழுந்து நின்றார். பையைக் கீழே வைக்காமல் கையிலேயே பிடித்திருந்தார்.

"வர்ற வியாழக்கிழமை நான் பொண்ணுகிட்ட போறேன். டிக்கெட் எடுத்தாச்சு. குழந்தை பிறந்து, அவ எழுந்து நடமாடறவரைக்கும், நாலு மாசம் ஆகும். டீச்சரை நீங்க பாத்துக்கணும். கேட்டுக்கறேன்."

இவ்வளவுதான் பேசினார். கேட்டுக்கறேன் என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததை நான் கேட்டேன். அதைச் சொல்ல அவர் எவ்வளவு பாடுபட்டார் என்பது அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும்.

"ஐயோ பாவம், கண்டிப்பா போகணும்" என்றார் பல் டாக்டர் மனைவி. "பொண்ணுக்காக நாங்க எல்லாரும் ஜெபிக்கறோம். டீச்சரை அந்த இல்லத்துலயே கொஞ்ச நாள்..."

"போன தடவை எலும்பு தெரிஞ்சுதும்மா" என்றார் அண்ணி.

"எனக்குத் தூக்கற வேலை ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்" என்றார் செயலாளர்.

"எனக்கு வாடை ஒத்துக்காது. உடனே வாந்தி வந்துடும்." இது பேக்கரிக்காரம்மா.

"அவங்க பேசற பேச்ச யாரு கேக்கறது? அக்காவுக்குத்தான் அந்தக் கிருபை இருக்கு. எல்லாருக்கும் அந்த வரம் இருக்குமா?" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

இந்த ஒரு வாக்கியம்தான் என்னை எழுப்பி நிறுத்தியது. கிருபையாம்! நாங்கள் செய்ய மறுத்ததையெல்லாம் ஒரு விதவையின் தலையில் கட்டிவிட்டு, அதற்கு வரம் என்று பேர் வைத்துவிட்டால் எங்கள் கை சுத்தம்.

"வரமாவது மண்ணாவது" என்றேன். "அதுக்குப் பேரு ரெண்டு கை. உங்களுக்கும் ரெண்டு இருக்கு. சான்றிதழ் வாங்கினப்போ நீட்டினீங்களே, அந்தக் கைதான். நானும் நீட்டினேன். ஏழு நாளும் நானே போறேன், போங்க!"

"உன்னால ஒரு வாரத்துக்கு மேல முடியாது" என்றார் அண்ணி. திட்டவில்லை, துணி போதாது என்று சொல்வதுபோலச் சொன்னார். "ஒருத்தியால முடியாது. எனக்குத் தெரியும்."

பல் டாக்டர் மனைவி கண்ணை மூடிக்கொண்டார். "இதை நாம ஆண்டவர் பாதத்துல வைப்போம்" என்று ஜெபிக்கத் தொடங்கினார். எல்லாத் தலைகளும் சட்டென்று குனிந்தன. அவ்வளவு வேகமான பக்தியை நான் பார்த்ததில்லை. அண்ணியும் கண்ணை மூடினார். உண்மையாகவே ஜெபித்தார், உதடு அசைந்தது. ஆமென் வந்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாலாகப் போகுது. டீச்சரைத் திருப்பணும். விரிப்பு மாத்தறது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல, ரெண்டு தடவை பாத்தா வந்துடும். இப்பவே என்கூட வந்தா கத்துக் குடுத்துடறேன். யார் வரீங்க?"

நான் என் பையை எடுத்துக்கொண்டு அண்ணி பக்கத்தில் போய் நின்றேன். அண்ணி எனக்கு மேலாக மற்றவர்களைப் பார்த்தார். குறை சொல்கிற பார்வை இல்லை. கூட்டத்தில் தன் பிள்ளையைத் தேடுகிறவள் பார்ப்பாளே, அப்படி ஒவ்வொரு முகமாக. ஒருத்தி காலிக் கோப்பைகளை அடுக்கினாள். ஒருத்தி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாள். அழைப்பு வராத போனை ஒருத்தி எடுத்துப் பார்த்தாள்.

"யாராவது ஒருத்தர் வந்தாக்கூடப் போதும்" என்றார் அண்ணி.

இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார், பின்னால் நான் மட்டும்.