அப்பாவின் தட்டில் ஆறிய சீஸ்

வீட்டில் ஒரு கூட்டத்துக்கே காரமான சீஸ் ஃப்ரைஸ் செய்ய வேண்டுமென்றால், எல்லாரையும் ஒரே நேரத்தில் உட்கார வைத்துப் பரிமாறும் ஆசையை முதலில் விட்டுவிட வேண்டும். அது காத்திருக்கத் தெரியாத பண்டம். வந்தவர் வந்தவர் கையில் தட்டைக் கொடுத்து, நின்றுகொண்டே தின்னச் சொல்லி விரட்ட வேண்டும். கொடைக்கானல் குளிரில் இன்னும் மோசம். உருகிய சீஸ் கண்ணெதிரிலேயே மெழுகாகிவிடும், உருளைக்கிழங்கு துவண்டுவிடும்.

இதெல்லாம் எனக்குத் தம்பி சொல்லிக்கொடுத்தது. அவன் அப்போது வட்டக்கானலில் ஒரு கஃபேயில் சமையல் வேலை பார்த்தான். டூரிஸ்டுகள் அவன் போடும் ஃப்ரைஸுக்காகவே மூச்சு வாங்க ஏறி வருவார்கள் என்று அவனே சொல்லிக்கொள்வான். சொல்வதில் பாதியைத் தள்ளுபடி செய்துவிட்டுத்தான் கேட்போம். ஆனாலும் கையில் ருசி இருந்தது என்பதை மறுக்க முடியாது.

அட்டுவம்பட்டியில் எங்கள் வீட்டுக்கு ரோட்டைப் பார்த்த ஒரு முன்னறை உண்டு. பூண்டியில் எங்களுக்கிருந்த காட்டிலிருந்து வரும் உருளைக்கிழங்கு மூட்டைகளையும் பூண்டையும் அப்பா அதில்தான் அடுக்கி வைப்பார். அந்த அறையைக் கொடுத்தால் சின்னதாக ஒரு கடை போட்டுவிடுவேன் என்று தம்பி கேட்டான். அப்பா முடியாது என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. அவர் வாயிலிருந்து ஒரு சொல் வருவதற்குள் நமக்கு நரை விழுந்துவிடும். ஒரு வாரம் கழித்து, "செஞ்சு காமி, பாப்போம்" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தம்பி தூங்காமல் அலைந்தான்.

மாட்டுப் பொங்கலுக்குத் திண்டுக்கல்லிலிருந்து அத்தை குடும்பமும் சித்தி குடும்பமும் வந்திருந்தன. பக்கத்து வீட்டுக்காரர்களையும் சேர்த்தால் வீடு கொள்ளவில்லை. அன்றைக்கே செய்து காட்டிவிடுவது என்று தம்பி முடிவு செய்தான். வேறு கிழங்கு கூடாது, அப்பாவின் காட்டுக் கிழங்குதான் வேண்டும் என்றான். வெள்ளனே எழுந்து நானும் அவனும் தோல் சீவி, விரல் நீளத்துக்கு நறுக்கித் தண்ணீரில் போட்டோம். குளிரில் என் விரல்கள் எங்கே இருக்கின்றன என்றே தெரியவில்லை. பிறகு அம்மாவின் பழைய புடவையில் பரப்பி ஈரம் போகத் துடைத்தோம். முதல் தடவை வேகும் மட்டும், இரண்டாவது தடவை மொறுமொறுப்பாக என்று இரண்டு முறை எண்ணெயில் போட வேண்டும். காய்ந்த மிளகாயும் மலைப்பூண்டும் மிளகும் இடித்த பொடி ஒரு பக்கம். பாலில் சோளமாவு கரைத்து, துருவிய சீஸைக் கொட்டிக் கிண்டிய குழம்பு ஒரு பக்கம். மேலே தூவ வெங்காயம், மல்லித்தழை, வினிகரில் ஊறிய பச்சைமிளகாய். அடுப்படியில் தும்மாதவர் யாருமில்லை.

"சட்டியிலருந்து எறக்குன ஒடனே வாயிக்குள்ள போயிரணும்க்கா. கொஞ்ச நேரம் போச்சுன்னா இது வேற சாமான்" என்று தம்பி நூறு முறை சொல்லியிருப்பான்.

நான் தட்டுத் தட்டாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிள்ளைகள் பாய்ந்தார்கள். சித்தப்பா உறைப்பில் கண்ணீர் விட்டுக்கொண்டே இன்னொரு தட்டுக் கேட்டார். அப்பா கூடத்துச் சுவரோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கென்று தம்பி தனியாகப் போட்டு, சீஸைத் தாராளமாக ஊற்றிக் கொடுத்த தட்டை அவர் முன்னால் வைத்தேன். அவர் தொடவில்லை. அடுப்படிப் பக்கம் பார்த்து, "அவன் வரலையா?" என்றார். "வருவான், நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த தட்டுக்கு ஓடினேன்.

திரும்பி வந்தபோதும் தட்டு அப்படியே இருந்தது. சீஸ் இறுகி, மேலே ஆடை கட்டியிருந்தது. தம்பி அடுப்படித் திரைச்சீலையை விலக்கிப் பார்த்துவிட்டு, சூடாக வேறொன்று கொடுத்தனுப்பினான். பழையதைச் சித்தப்பாவுக்குத் தள்ளிவிட்டுப் புதியதை வைத்தேன். அதையும் அப்பா தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். அத்தைக்கு வாய் சும்மா இருக்காது.

"அண்ணனுக்கு இந்த வெள்ளக்காரன் தீனியெல்லாம் எறங்காதும்மா. ரெண்டு இட்லி கெடந்தா வைங்க" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். அப்பா மறுத்துப் பேசவில்லை. அவர் எப்போது பேசியிருக்கிறார்? நான் திரும்பிப் பார்த்தபோது திரைச்சீலை ஆடிக்கொண்டிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டுத் தம்பி கொல்லை வழியாக வெளியே போய்விட்டான். பிறகு நான் எடுத்தபோது அந்தத் தட்டு காலியாகத்தான் இருந்தது. பிள்ளைகளில் யாரோ வழித்துத் தின்றிருப்பார்கள் என்று நினைத்துக் கழுவப் போட்டேன்.

அறையைப் பற்றித் தம்பி அதன்பின் வாயே திறக்கவில்லை. அவன் கேட்கட்டும் என்று அப்பா இருந்தார். அப்பாவும் பிள்ளையும் ஒரே அச்சு. பனிக்காலம் முடிவதற்குள் துபாயில் ஒரு ஓட்டல் வேலை என்று கிளம்பிவிட்டான். போன பிறகு அம்மாவிடம் பேசுவான், என்னிடம் பேசுவான். அப்பாவிடம் நலம் விசாரிப்பதோடு சரி. அப்பா அந்த அறையில் மூட்டை அடுக்குவதை நிறுத்திவிட்டார். எலித்தொல்லையாக இருக்கும் என்று நாங்கள் நினைத்தோம்.

சில வருடங்கள் கழித்து, என் பிள்ளைகள் கேட்டார்கள் என்று லீவில் அதே பண்டத்தை அதே வீட்டில் செய்தேன். எல்லாருக்கும் கொடுத்துவிட்டு நானும் தட்டை எடுத்துக்கொண்டு அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் உட்கார்ந்ததும் அவர் தன் தட்டில் கை வைத்தார். இதெல்லாம் உங்களுக்குப் பிடிக்காதே என்றேன்.

"யாரு சொன்னா? அன்னைக்கு ஒந்தம்பி உக்காரவே இல்லையே தாயி. அடுப்புல வெந்தவன் நிக்கயில நான் எப்பிடி வாயில வைக்கிறது?" என்றார். கொஞ்ச நேரம் மென்றுவிட்டு, "அவன் வரலைன்னு தெரிஞ்சப்புறம் ஆறினதத் தின்னேன். நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

அப்போதுதான் எனக்குக் காடு நினைவுக்கு வந்தது. பூண்டியில் பூண்டு எடுக்கும் நாட்களில் நான்தான் சாப்பாடு கொண்டுபோவேன். கடைசி ஆள் கை கழுவி வந்து உட்காரும் வரைக்கும் அப்பா தூக்குவாளியைத் திறக்க விடமாட்டார். பாடுபட்டவன் உட்காராமல் யாரும் உண்ணக் கூடாது என்பது அவர் காட்டுச் சட்டம். டவுன் பள்ளிக்கூடத்தில் படித்த தம்பி காட்டில் ஒரு நாள்கூட உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. ஆனால் எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்றைக்கு அது மனதில் வரவில்லை, ஏனென்றால் அது சோறு இல்லை, தின்பண்டம். அப்பாவுக்கு அது மகன் சமைத்த சாப்பாடு.

உடனே தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னேன். அன்றைக்குத் தட்டு காலியாகவா இருந்தது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டான். ஆமாம் என்றேன். பொங்கலுக்கு வருகிறேன், அப்பாவிடம் எதுவும் சொல்ல வேண்டாம், நேரில் பார்த்துக்கொள்கிறேன் என்றான். ஐப்பசி மழையில் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரிக்கு மலை இறங்கும் வழியிலேயே போய்விட்டார். அடக்கம் முடிந்த பிறகுதான் தம்பியால் வந்து சேர முடிந்தது.

காரியத்தன்று அந்த முன்னறையில்தான் படத்தை வைத்துப் படையல் போட்டோம். அவருக்குப் பிடித்த வரக்காப்பி, முறுக்கு, சுருட்டு எல்லாம் இருந்தன. தம்பி தன் கையால் ஃப்ரைஸ் போட்டு, சீஸை ஊற்றி, ஓட்டமாகக் கொண்டுவந்து இலையில் வைத்தான். இறந்தவர் வந்து உண்பதற்காகக் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நிற்பது எங்கள் வழக்கம்.

"சூடு இருக்கயிலயே வெரசா சாத்துங்க" என்றான்.

ரோட்டோரம் பனிமஞ்சில் நின்றோம். போதும், திறக்கலாம் என்று அத்தை சொன்னார். கொஞ்சம் பொறுங்க, அவர் மெதுவாகத்தான் சாப்பிடுவார் என்றான் தம்பி.

கதவைத் திறந்ததும் நான் அடுப்படிக்குப் போய், வந்தவர்களுக்காக மிச்சக் கிழங்கை எண்ணெயில் போட ஆரம்பித்தேன். சூடாக ஒரு தட்டு எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தபோது, அப்பாவின் இலைக்கு முன்னால் தம்பி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். இலையில் சீஸ் இறுகிக் கிடந்தது. சூடானதைத் தின்னு என்று நீட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்தான். ஆனால் இலையிலிருந்ததையும் அவன் இன்னும் தொடவில்லை.

"அடுப்ப அமத்திட்டு வந்து உக்காருக்கா" என்றான்.

அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அதன்பிறகுதான் அவன் முதல் துண்டை எடுத்து வாயில் வைத்தான்.