ஓடைக்குள் கேட்ட ‘வாங்க’

தொண்ணூறுகளில் ஒரு கோடையில், காணாமல் போன எருமையைத் தேடி ஆனைமலை அடிவாரக் காட்டுக்குள் தனியாகப் போன, அப்பாவின் தங்கையான என் அத்தை, வறண்ட ஓடையில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். முந்தானையைக் கிழித்து, இரண்டு குச்சிகளை வைத்துத் தானே காலைக் கட்டியிருக்கிறார். உட்கார்ந்தபடியே நகர்ந்து, பாறைக்குழியில் தேங்கிய தண்ணீர்ப் பக்கம் போய் ராத்திரியைக் கழித்திருக்கிறார். நானாக இருந்தால் பயத்திலேயே செத்திருப்பேன்.

காலையில் தேடிப் போனவர்களில் நானும் அப்பாவும் இருந்தோம். ஒரு கல்யாணத்தில் தங்கை தன்னைப் பார்த்து ‘வாங்க’ என்று சொல்லவில்லை என்று, அத்தை வீட்டு வாசலை மிதிப்பதையே அப்பா நிறுத்தியிருந்தார். எங்கள் பக்கத்தில் உறவு அறுந்துபோக இது தாராளமாகப் போதும். இருந்தும் எல்லோருக்கும் முன்னால் நடந்தவர் அவர்தான்.

மேலிருந்து எட்டிப் பார்த்தோம். அத்தையின் கால் பூசணிக்காயாக வீங்கியிருந்தது, உதடு வெடித்திருந்தது. அழுவார் என்று நினைத்தேன். அவரோ அண்ணாந்து அப்பாவைப் பார்த்தார். கிழிந்த சேலையைத் தோள்மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, தன் வீட்டு வாசலில் நிற்பவர் போலச் சொன்னார்:

“வாங்கண்ணா.”

“வந்துட்டேன் அம்மணி” என்று அப்பா சறுக்கிக்கொண்டே இறங்கினார்.