மடைக்குழியில் விட்டுவைத்த விரால்கள்

கண்மாயை ஏலம் எடுத்தவர் குஞ்சைக்கூட விடாமல் வலை போட்டு அள்ளிப்போன பிறகு, இரண்டு வருஷம் வடக்குக் கண்மாயில் தவளைதான் மிஞ்சியது. பட்டாளத்திலிருந்து திரும்பிய முத்துவீரன் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. தளவாய்புரத்துப் பக்கம் அலைந்து விரால் குஞ்சு வாங்கிவந்து கண்மாயில் விட்டான்.

"இனி ஏலம் வேண்டாம். கோடையில தண்ணி வத்துறப்ப ஊரே சேந்து பிடிப்போம். விக்காம ஆக்கித் திம்போம். மடைக்குழிய மட்டும் தொடப்புடாது, தாய்மீன் அங்க கெடக்கட்டும்" என்று வீடுவீடாகப் பேசிச் சம்மதிக்க வைத்தான். அந்த வட்டாரத்தில் வேறு யாருக்கும் அந்தப் பொறுமை கிடையாது.

எண்பத்தெட்டிலிருந்து மீன்பிடித் திருவிழா நடந்தது. கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசும் மரியாதையை ஊர் அவனுக்கே கொடுத்தது. துண்டு வீசாமல் யாரும் கால் நனைக்க மாட்டார்கள். வீசிவிட்டால் யாரும் தடுக்கவும் முடியாது.

தொண்ணூற்று மூன்றில் மழை பொய்த்தது. கண்மாயில் முழங்கால் தண்ணீர். மடைக்குழியில் மட்டும் இடுப்பளவு. அந்தக் குழியும் போனால் அடுத்த மழைக்கு மீன் என்ற பேச்சே இருக்காது. முத்துவீரன் அதைச் சுற்றிலும் கருவேல முள் வெட்டி அடைத்தான்.

அன்று காலை துண்டை வீசியதும் கூட்டம் ஊத்தாக்கூடைகளோடு இறங்கியது. மூங்கில் கூடையைச் சேற்றில் கவிழ்த்து, மேல்வாய் வழியாகக் கைவிட்டுத் துழாவினார்கள். முக்கால்வாசிப் பேருக்குக் கெண்டைகூட அகப்படவில்லை. வெறுங்கூடையோடு நின்றவர்கள் மடைக்குழியைப் பார்த்தார்கள். சிலர் முள்ளை நகர்த்தினார்கள்.

"வேண்டாம்யா! அத விட்ருங்க!"

அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? முத்துவீரன் பதறிப்போய்த் தோளில் கிடந்த துண்டை உருவி, தள்ளிப் போகச்சொல்லித் தலைக்கு மேல் வீசினான்.

"ஏலே, வீசாதலே!" அக்காள் வெள்ளத்தாய் கரையிலிருந்து அலறினாள்.

கூட்டம் துண்டை மட்டும்தான் பார்த்தது. முள்ளை மிதித்துக்கொண்டு அத்தனை பேரும் குழிக்குள் விழுந்தார்கள்.

"பால்பாண்டி, நீயாவது சொல்லுடா!" என்று குழிக்குள் நின்ற அக்காள் மகனிடம் கெஞ்சினான்.

"நீங்கதான மாமா வீசுனிய? இப்பப் போய் வேண்டாம்னா எப்படி?" என்றான் பால்பாண்டி. அவன் கையில் முழங்கை நீள விரால் துள்ளியது.

மதியம் ஊரே குழம்பு மணத்தது. முத்துவீரன் குடத்தைத் தூக்கிக்கொண்டு வாசல் வாசலாக நின்றான். "உசிரோட ஒரு விரால் இருந்தாக் குடுங்க."

சாம்பல் போட்டு உரசிய மீனைக் காட்டினார்கள். "உசிரோட இல்ல, குழம்பு ஊத்தட்டுமா பட்டாளத்தாரே?" என்று ஒருவன் சிரித்தான்.

மறுநாளைக்கென்று பானைத் தண்ணீரில் போட்டிருந்த இரண்டு விராலை அடுத்த தெரு இருளம்மாள் கொடுத்தாள். "பிள்ளைக பாத்தா அழும். வெரசாக் கொண்டு போ, தம்பி." இன்னொரு வீட்டில் ஒன்று கிடைத்தது. அம்புட்டுத்தான்.

அக்காள் தோட்டத்துக் கிணற்றின் அடியில் கொஞ்சம் கலங்கல் தண்ணீர் கிடந்தது. அடுத்த மழை வரை அங்கே கிடக்கட்டும் என்று குடத்தைக் கயிற்றில் கட்டி இறக்கிச் சாய்த்தான். மூன்றும் நழுவிப் போயின.

"இதுல ஆணு எது, பொண்ணு எதுலே?" என்று கேட்டாள் வெள்ளத்தாய்.

"தெரியலக்கா."

"மூணும் ஒண்ணுபோல இருந்துட்டா?"

ஒன்றாவது மூச்சு வாங்க மேலே வருகிறதா என்று கயிற்றை விடாமல் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.