எனக்காக எழுதப்பட்ட அபேட்சை

முப்பத்தொரு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். பிள்ளைகளுக்கென்று செய்த தாழ்ந்த பலகைகள் அவர்களுக்குப் பின்னால் வரிசையாகக் கிடந்தன, ஒருவரும் அமரவில்லை. அறுபதை நெருங்கியவர்களும் கடந்தவர்களுமான அந்த ஆண்களும் பெண்களும், தோளில் கிடந்த கம்பளியை இறக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நான் பேசியதை ஒரு மணி நேரம் நின்றபடியே கேட்டார்கள். உட்காருங்கள் என்று இரண்டு முறை சொன்னேன். இரண்டு முறையும் பணிவாகத் தலையசைத்துவிட்டு நின்றார்கள். சுவரோரம் இருந்த என் மனைவி மட்டும் என் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் போன பிறகு, "கேட்டேளா, நாளைக்கு அந்த ஷூவைக் கழட்டி வெளில வெச்சுட்டு வாங்கோ. ஷூ போட்டுண்டு நிக்கறவா முன்னால இவா உக்காந்ததே இல்லை" என்றாள். மறுநாள் வெறுங்காலோடு வந்து தரையில் அமர்ந்தேன். அவர்களும் அமர்ந்தார்கள். தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில் முப்பது ஆண்டு ஆயாவாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு கிழவி, பக்கத்திலிருந்தவளிடம் சொல்வது போல எனக்குக் கேட்கும்படி சொன்னாள்: "இத நேத்தே கழட்டிருந்தா எம் முட்டி பொழச்சிருக்கும்."

எழுபதுகளின் நடுவில், ஏலப்பாறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் பள்ளிக்கூடத்தில் நடந்தது இது. என் மனைவி அங்கே ஆசிரியை. நான் பாலக்காட்டில் ஒரு கல்லூரியில் சரித்திர விரிவுரையாளன். அவளுடைய தந்தை அதே தோட்டத்தில் தலைமை எழுத்தராக இருந்தவர். பூர்வீகம் எங்கள் பாலக்காட்டுத் தெருவேயானாலும் அவள் வளர்ந்தது அந்த மலையில். திருமணமான பிறகும் அவள் வேலையை விடவில்லை. நானும் விடச் சொல்லவில்லை. குழந்தைகள் இல்லாததால் பிரிந்திருப்பது வசதிக் குறைவாக மட்டுமே எங்களுக்குப் பட்டது, குறைந்தபட்சம், எனக்கு. ஓணத்துக்கும் பூஜை விடுமுறைக்கும் அவள் இறங்கி வருவாள். கோடை விடுமுறைக்கு நான் கோட்டயம் வரை ரயிலிலும் அதற்கு மேல் பேருந்திலுமாக ஏறிப்போவேன். இப்படி ஆறு ஆண்டுகள்.

இப்போது அவள் இல்லை. சென்ற ஐப்பசியோடு எல்லாம் முடிந்தது. எங்கள் குடியிருப்பின் மூத்தோர் சங்கம் இந்தக் கோடையில் எங்களைப் போன்றவர்களுக்கு வகுப்புகள் நடத்துகிறது. கைப்பேசியைக் கையாள ஒரு வகுப்பு, மூச்சுப் பயிற்சிக்கு ஒன்று, வாரத்துக்கு ஒரு சொற்பொழிவு. என்னையும் பேச அழைத்தார்கள். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். யோசிக்க உட்காரும்போதெல்லாம் அந்தப் பள்ளிக்கூடத்தின் தகரக் கூரையில் நாலு மணி மழை விழத் தொடங்கிவிடுகிறது.

ஏப்ரலிலும் மே மாதத்திலும் பிள்ளைகளுக்கு விடுமுறை. கட்டிடம் சும்மா கிடக்கும். அதை முதியவர்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்று அவள் நினைத்ததற்குக் காரணம் எழுத்தறிவு அன்று. தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடு என்பது ஓர் அறையும் ஓர் அடுப்படியும். மகனுக்குக் கல்யாணமாகி, பெயர் பதிவேட்டில் அவன் பெயர் ஏறி, தகப்பனுடைய பெயர் வெட்டப்பட்டுவிட்டால், பகல் பொழுதில் அந்தத் தகப்பனுக்கு இருக்க இடம் கிடையாது. மதகுக் கட்டையிலும் தொழிற்சாலை வாசலிலுமாக அவர்கள் குந்தியிருப்பதைச் சிறுமியாக இருந்தபோதே அவள் பார்த்திருக்கிறாள். "சும்மா வந்து உக்காருங்கோன்னா ஒருத்தரும் வர மாட்டா. படிக்க வாங்கோன்னா வருவா" என்று எனக்கு ஒரு கடிதத்தில் எழுதினாள். வந்தார்கள். மூன்று மணிக்கு வகுப்பு என்றால் ஒரு மணிக்கே வந்து வாசலில் அமர்ந்திருப்பார்கள். ஒருவர் பால் சேர்க்காத கட்டன் சாயா கொண்டு வருவார். ஒருத்தி அவித்த கப்பைக்கிழங்கு கொண்டு வருவாள். மாதா கோவில் லயத்தாரும் மாரியம்மன் கோவில் லயத்தாரும் ஒரே தூக்குவாளியில் குடித்தது அந்த அறையில்தான். ஒருவர் இறந்தால் அன்று வகுப்புக்குப் பதிலாக எல்லாரும் அவள் தலைமையில் வரிசையாகத் துக்கத்துக்குப் போவார்கள்.

அவள் அகரத்திலிருந்து தொடங்கவில்லை. முதலில் எழுத விரும்பும் சொல் எது என்று ஒவ்வொருவரையும் கேட்டாள். அந்தச் சொல்லிலிருந்துதான் அவரவருக்கு எழுத்துகள் பிறந்தன. வகுப்புக்கு மூத்தவர் ஒரு பழைய கங்காணி. அந்தப் பதவியின் பெயரை நிர்வாகம் எப்போதோ மாற்றிவிட்டிருந்தது, அழைப்பு மாறவில்லை. ஒன்பது வயதில் விட்டுவந்த சங்கரன்கோவிலை எழுத வேண்டும் என்றார் அவர். ஆயா, தான் தூக்கி வளர்த்த பிள்ளைகளின் பெயர்களை எல்லாம் எழுத வேண்டும் என்றாள். இரண்டு கோடைகள் முடிந்தும் அந்தப் பட்டியல் முடியவில்லை. அவளுடைய விரல்களைப் பிடித்து எழுதவைக்கும்போது என் மனைவியின் முகத்தில் ஒரு தனிமையான நிறைவு தெரியும். அதில் எனக்கு இடமில்லை என்று தோன்றும். அந்த எண்ணத்தை நான் அப்போது பொறாமை என்று அழைக்கவில்லை.

இரண்டாம் மணி என்னுடையது. உலக அறிவு என்ற பெயரில் நான் ஏதாவது பேச வேண்டும். ஒரு நாள் சூரியன் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று சொன்னேன். ஆயா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "அம்புட்டு தூரம் அளந்தவுக, நம்ம லயத்துக்கும் தண்ணிக் குழாய்க்கும் எம்புட்டு தூரம்னு ஒருக்கா அளந்து பாக்கக் கூடாதா?" என்று கேட்டாள். அறை சிரித்தது. நான் சிரித்துவிட்டு, என் துறைக்குத் தாவினேன். குடிமக்கள் அரசர்களுக்கு மனு எழுதிய சரித்திரத்தைச் சொன்னேன். வாயால் கேட்டது காற்றோடு போகும். எழுதிக் கேட்டது நிற்கும். வேண்டுவதைத் தெளிவாக எழுதி, எல்லாரும் கையெழுத்திட்டு, அதிகாரம் உள்ளவரிடம் கொடுக்க வேண்டும் என்றேன். தண்ணீர்க் குழாயை மனத்தில் வைத்துத்தான் சொன்னேன். கங்காணி மிகுந்த கவனத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த இரண்டாம் கோடையில் எனக்கும் என் மனைவிக்கும் இடையே முடிவாகாத ஒரு விஷயம் இருந்தது. பாலக்காட்டில் ஒரு பெண்கள் பள்ளியில் அவளுக்கு இடம் ஏற்பாடு செய்துவிட்டு வந்திருந்தேன். மே மாதம் முடிவதற்குள் சம்மதக் கடிதம் போய்ச் சேர வேண்டும். அதற்கு முந்திய ஆண்டில் அவள் என்னிடம் ஒன்று கேட்டிருந்தாள். மலைக்குக் கீழே ஒரு சிறிய கல்லூரியில் சரித்திரத்துக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டு, நீங்கள் விண்ணப்பித்துப் பார்க்கலாமே என்றாள். பார்க்கலாம் என்றேன். அங்கே நூலகம் இல்லை. என் ஆய்வேடு பாதியில் நின்றது. பதவியும் ஒரு படி கீழே. இவற்றை எல்லாம் அவளிடம் சொல்லாமல், பார்க்கலாம் என்ற ஒரு சொல்லிலேயே வைத்திருந்தேன். அவள் மறுபடி கேட்கவில்லை. பாலக்காட்டுப் பள்ளியின் கடிதத்தை மட்டும் பெட்டிமேல் வைத்துவிட்டு, ஒவ்வொரு நாளும் நாளைக்கு எழுதறேன் என்றாள். தோட்டத்தில் எதுவும் மறைவாக இருக்காது. தபால் பையைச் சுமந்து வருபவரே வகுப்பில் ஒருவர்.

மே மாத நடுவில் மானேஜர் என்னைப் பங்களாவுக்குத் தேநீருக்கு அழைத்தார். தொழிலாளர்கள் தொரை என்று சொல்லும் அவர் நல்ல மனிதர், என்னைவிட இளையவர். சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு தாளை என் முன்னால் வைத்தார். விண்ணப்பத்துக்குத் தோட்டத்தில் வழங்கிய மலையாளச் சொல் அபேட்சை. அதுதான் தலைப்பாக இருந்தது. கீழே, எழுத்துக்கு எழுத்து அளவு மாறிய கையில், இப்படி எழுதியிருந்தது:

"தொரை அவர்களுக்குப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் வயசானவர்கள் எழுதிக்கொண்டது. எங்கள் டீச்சரம்மா வீட்டுக்காரர் பாலக்காட்டில் வேலை செய்கிறார். அவர் பேரை அங்கே வெட்டி இந்தத் தோட்டத்தில் பதிந்து கொடுக்க வேண்டும். படித்த மனுசர். குளிர் பழகிப்போகும். பள்ளிக்கூடத்துப் பக்கத்து வீடு சும்மா கிடக்கிறது. அதைக் கொடுத்தால் போதும். எங்களுக்கு வேறு ஒன்றும் வேண்டாம்."

ஒரு தோட்டத்துப் பெண் வேறு தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டால் இரண்டு மானேஜர்களும் எழுதிக்கொள்வார்கள். ஒரு பதிவேட்டில் பெயர் வெட்டப்பட்டு மற்றொன்றில் ஏறும். புருஷனும் மனைவியும் ஒரே கூரைக்கு வந்துவிடுவார்கள். அவர்கள் அறிந்த உலகில் பிரிந்திருக்கும் தம்பதியைச் சேர்த்துவைக்கும் அதிகாரம் தொரையிடம் இருந்தது. கல்லூரியும் அப்படி ஒரு தோட்டம் என்றே எண்ணியிருக்கிறார்கள். இன்று இதை என்னால் இவ்வளவு தெளிவாக எழுத முடிகிறது. அன்று என் காது மடல் சூடேறியது மட்டுமே எனக்குத் தெரிந்தது. மானேஜர் இதைத் தமாஷாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். பிறகு கோப்பையை வைத்துவிட்டு, அந்த வீடு காலியாகத்தான் இருக்கிறது, விரும்பினால் திறந்து தரச் சொல்கிறேன் என்றும் சொன்னார். நன்றி சொல்லி, தாளை மடித்து அவர் மேசையிலேயே வைத்துவிட்டு இறங்கி வந்தேன்.

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். என்னைப் பற்றி அபேட்சை எழுதி மானேஜரிடம் கொடுத்திருக்கிறார்கள், அவர் சிரிக்கும்படி ஆயிற்று என்றேன். அதில் என்ன இருந்தது என்று நான் சொல்லவில்லை. எழுதச் சொன்னது நீதானே என்று மட்டும் கேட்டேன். குரலை உயர்த்தவில்லை. நான் எப்போதுமே குரலை உயர்த்தியதில்லை. அதை ஒரு தகுதியாக நினைத்திருந்தேன். அவள் கையை உதறிவிட்டு நிமிர்ந்தாள்.

"எழுத்துதான் நான் சொல்லிக் குடுத்தேன். என்ன எழுதணும்னு சொல்லிக் குடுக்கலை."

அவ்வளவுதான் சொன்னாள். சாப்பாடு போட்டாள். மழை விட்டதும் பெட்டிமேலிருந்த கடிதத்தை எடுத்து, பாலக்காட்டுப் பள்ளிக்குச் சம்மதம் எழுதி, உறையை ஒட்டி என்னிடமே கொடுத்தாள்.

மறுநாள் அந்த உறையோடு தபால் நிலையத்துக்குப் போகும் வழியில் கங்காணி எதிரே வந்தார். தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"டீச்சரம்மா மேல வருத்தப்படாதிய, சார். அவுகளுக்கு ஒண்ணுந் தெரியாது. கேட்டா வேண்டாம்னுருவாகன்னுதான் கேக்கல."

அவர் சற்றுத் தயங்கிவிட்டு, குற்றம் சாட்டும் தொனி சிறிதும் இல்லாமல் சொன்னார்: "நீங்கதான சொன்னிய, வேணுங்கறத எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டு, பெரியவுககிட்டக் குடுக்கணும்னு. குழாயக் கேப்பமான்னும் ஒரு பேச்சு வந்துச்சு. குழா அடுத்த வருசங் கேட்டுக்கிடலாம், டீச்சரம்மா போயிட்டா வரமாட்டாகன்னு ஆயாதான் சொன்னா."

அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. உறை என் சட்டைப் பையில் இருந்தது. வீட்டுக்குத் திரும்பி நடக்க முந்நூறு அடி தூரம்கூட இல்லை. நான் நேராக நடந்து போய் அதைத் தபாலில் சேர்த்தேன்.

மே மாதக் கடைசியில் அவள் என்னோடு இறங்கி வந்தாள். அடுத்த ஆண்டு கங்காணி தம் கையாலேயே ஒரு கடிதம் எழுதியிருந்தார். வகுப்பு இல்லை என்றாலும் மூன்று மணிக்கு வந்து உட்கார்ந்துவிட்டுத்தான் போகிறோம், தொரை கதவைத் திறந்துவிடச் சொல்லியிருக்கிறார் என்று அதில் இருந்தது. அவள் அதைப் பல முறை படித்தாள். பாலக்காட்டுப் பள்ளியில் இருபது ஆண்டுக்கு மேல் கற்பித்து ஓய்வு பெற்றாள். நல்ல ஆசிரியை என்று பெயர் எடுத்தாள். என் ஆய்வேடு முடிந்தது, பட்டம் வந்தது, நூலகத்துக்குப் பக்கத்திலேயே வாழ்ந்தேன். நாங்கள் பிரியமாகவே இருந்தோம். அந்த மலையைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

சென்ற ஐப்பசியில், மருத்துவமனையில், ஒரு பிற்பகல் அவள் விழித்துக்கொண்டு என்னை அழைத்தாள்.

"கேட்டேளா, அந்த அபேட்சைல என்னதான் எழுதியிருந்தா?"

எந்த அபேட்சை என்று நான் கேட்கவில்லை. அரை நூற்றாண்டாகியும் ஒரு சொல் பிசகாமல் அது எனக்கு மனப்பாடமாக இருந்தது என்பது அந்தக் கணத்தில்தான் எனக்கே தெரிந்தது. மெல்லச் சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். குளிர் பழகிப்போகும் என்ற இடத்தில் சிரித்தாள். வேறு ஒன்றும் வேண்டாம் என்று முடித்தபோது அவள் சிரிக்கவில்லை. பிறகு ஓர் ஆசிரியை கேட்கக்கூடிய கேள்வியைக் கேட்டாள்.

"எல்லாருமே கையெழுத்துப் போட்டிருந்தாளா? எப்படி இருந்தது?"

கையெழுத்துகள் தாளின் பின்பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். நான் அதைத் திருப்பிப் பார்க்கவே இல்லை. முப்பத்தொரு பேர் வாழ்நாளில் முதல் முறையாகப் பெருவிரலை மையில் தோய்க்காமல் தம் பெயரை எழுதிய ஒரே தாள் அது. அதைப் பார்த்திருக்க வேண்டியவள் அவள்.

"அழகா இருந்தது" என்றேன்.

"எல்லாருதுமா?"

"எல்லாருதும்."

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நான் பொய் சொல்லும்போது அவளுக்குத் தெரியாமல் இருந்ததில்லை. "சரி" என்றாள்; என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.