மருந்து என்று தின்ற வெல்லம்

ஆலைச் சங்கு ஊதிச் சற்று நேரத்தில் வாசலில் எண்ணெயும் வேர்வையும் கலந்த நெடி வரும். பின்னாலேயே புருவத்திலும் காது மடலிலும் பஞ்சுத் துகள் ஒட்டியிருக்க, இருமிக்கொண்டே நான் 'நைனா' என்று கூப்பிடும் என் அப்பா வருவார். எழுபதுகளின் பிற்பகுதியில் முதலியார்பேட்டையில் எங்கள் தெரு ஆண்கள் பலரும் அப்படித்தான் வீடு திரும்பினார்கள். பறக்கும் பஞ்சு நெஞ்சில் படியாமலிருக்க வெல்லம் தின்ன வேண்டும் என்பது அவர்களுடைய அசையாத நம்பிக்கை. 'ஷிப்டு' முடிந்ததும் ஆளுக்கொரு துண்டை வாயில் அடக்கிக்கொள்வார்கள். வெல்லம் வயிற்றுக்குப் போகிறது, தூசி நுரையீரலுக்குப் போகிறது என்று சொல்லிப் புரியவைக்க யாராலும் முடியவில்லை.

சர்க்கரை வியாதி என்று ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகும் நைனா அதை விடவில்லை. இனிப்பை நிறுத்து, தினமும் நட, பாதத்தில் புண் வராமல் பார்த்துக்கொள் என்று டாக்டர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வந்தார், அவ்வளவுதான். நாங்கள் வேதக்காரக் குடும்பம். ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தில் கறியையும் சாராயத்தையும் அவர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். அம்மாவுக்கு அதுதான் ஆற்றாமை.

"ஆண்டவருக்காக நாப்பது நாளு கறிய வுடுற. உன் காலுக்காக இத்தினூண்டு வெல்லத்த வுட மாட்டியா?"

"கறி ருசிக்குத் துன்றது. வெல்லம் மருந்துடி. மருந்துக்கு ஏது தபசு?"

ஒருநாள் அம்மா நேராக ஆலை வாசலுக்கே போய்விட்டாள். நைனாவுக்குப் பக்கத்து இயந்திரத்தில் வேலை பார்த்தவரும் தன் வெல்லத்தில் அவருக்குப் பங்கு கொடுத்துவந்தவருமான காசிநாதன், "என்னா அந்தோணி, வூட்லேர்ந்து இன்ஸ்பெக்டரு வந்துக்குது" என்று கேலி செய்தார்.

"நீங்க குடுக்கறதாலதான் அண்ணே இவரு துன்றாரு. நாளைக்குக் காலு போச்சின்னா நீங்களா வந்து தூக்குவீங்க?" என்றாள் அம்மா.

காசிநாதனின் சிரிப்பு நின்றது. "இனிமே எங்க கையால குடுக்க மாட்டோம், தங்கச்சி" என்றார். சொன்னபடியே நடந்துகொண்டார்.

அதன் பிறகு நைனாவுக்கு வெல்லம் வாங்கிக் கொடுத்தவன் நான். ஒன்றும் தெரியாத வயதில்லை. நீரிழிவைப் பற்றிப் பள்ளியில் படித்துப் பரீட்சையிலும் எழுதியவன். ஞாயிற்றுக்கிழமைகளில் தன் சைக்கிளைக் கடற்கரைக்கு எடுத்துப் போக அவர் விடுவார் என்பதற்காகவே வாங்கிக் கொடுத்தேன். "உங்கம்மாகிட்ட மூச்சு வுடாத" என்பார். நான் விடவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஆலையில் இரும்புச் சீவல் ஒன்று அவர் பாதத்தில் குத்தியது. உணர்ச்சி மரத்துப்போன காலில் வலி தெரியவில்லை. குனிந்து பார்க்கும் வழக்கமும் இல்லை. நாற்றம் வந்த பிறகுதான் அம்மா கண்டுபிடித்தாள். கணுக்காலோடு எடுத்துவிட்டார்கள்.

அவருடைய சட்டைப் பையில் காகிதத்தில் மடித்த வெல்லத் துண்டு இருந்தது. ரொட்டி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த காசிநாதனிடம் அம்மா அதைக் காட்டினாள்.

"சத்தியமா நா குடுக்கல, தங்கச்சி."

"அப்ப வானத்துலேர்ந்து வுழுந்துச்சா?"

நைனா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் தண்ணீர் பிடிக்கப் போவதுபோல் கூஜாவை எடுத்துக்கொண்டு வெளியே நழுவினேன். அன்றோடு அம்மா காசிநாதனிடம் பேசுவதை நிறுத்தினாள், சாகும்வரை. அவளுடைய அடக்கத்தன்று அவர் தெருமுனையிலேயே நின்றார். அப்போதும் நான் போய் உண்மையைச் சொல்லவில்லை.

இன்று அந்த ஆலை இல்லை, பஞ்சுத் தூசியும் இல்லை. வெல்லத்துக்கு மட்டும் ஆள் குறையவில்லை. சர்க்கரை வியாதிக்கு மாத்திரை விழுங்கும் என் தங்கை மகன் போன வாரம் காபியில் நாட்டுச் சர்க்கரையை அள்ளிப் போட்டுக்கொண்டே, "வெள்ளச் சக்கரதான் மாமா வெஷம், இது ஒண்ணும் பண்ணாது" என்றான். இரண்டும் ரத்தத்தில் ஒன்றுதான் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். கேட்டுக்கொண்டே கலக்கிக் குடித்தான்.

நைனாவும் இல்லை, அம்மாவும் இல்லை, காசிநாதனும் இல்லை. நான் மன்னிப்புக் கேட்க ஒருவரும் மிச்சமில்லை. ஆகவே உங்களிடம் சொல்கிறேன். உங்கள் வீட்டில் சர்க்கரை வியாதி உள்ளவர் யாராவது கெஞ்சினாலும் கொஞ்சினாலும் வெல்லம் வாங்கிக் கொடுக்காதீர்கள். கோபித்துக்கொள்வார்கள், நாலு நாள் பேசாமலும் இருப்பார்கள். இருந்துவிட்டுப் போகட்டும், இரண்டு காலோடு இருப்பார்கள்.