தண்டுக்குள் ஓடிய பழுப்புக் கோடு

பயிர்நோய் ஆய்வுக்கூடத்தில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தவர் அவர். இலை டாக்டர் என்பது காய்கறி போடுகிறவர்கள் வைத்த பெயர். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்காது. முள்ளங்கி வாங்கினாலும் இலையைப் புரட்டிப் பார்க்காமல் பையில் போடமாட்டார்.

“வாங்க வந்தீங்களா, வைத்தியம் பார்க்க வந்தீங்களா?” என்று கடைக்காரர் கிண்டலடிப்பார்.

ஆளில்லாத மதியங்களில் அந்தப் பழைய அறை நினைவுக்கு வரும். ஈர மண்ணும் ஸ்பிரிட்டும் கலந்த வாசனை, ஜன்னலோரத்து மைக்ராஸ்கோப், மேஜை நிறைய வாடிய செடிகள். கூடவே, தக்காளி பயிரிட்ட தக்காளிக்காரம்மாவும் நினைவில் வந்துவிடுவார்.

முதல் முறை ஆய்வுக்கூடத்துக்கு வந்த அன்று அவர் வேரோடு பிடுங்கிய தக்காளிச் செடியுடன் புயல் மாதிரி நுழைந்தார்.

“என் கொழுந்தன் விஷம் ஊத்திட்டான் டாக்டரம்மா. எழுதிக் கொடுங்க, போலீஸுக்குப் போறேன்.”

அடுத்த தோட்டம் கொழுந்தனுடையது. வரப்புத் தகராறில் இரு வீட்டுக்கும் பேச்சில்லை.

“முதல்ல உட்காருங்க. எப்படி வாடிச்சு?”

“அடி இலை ஒரு பக்கமா மஞ்சளாச்சு. வெயில்ல தொங்கும், காலையில நிமிர்ந்துக்கும். அப்புறம் நிமிரவே இல்ல.”

இலை டாக்டர் தண்டை நீளவாக்கில் கீறினார். உள்ளே பழுப்புக் கோடு ஓடியது.

“இது விஷம் இல்லம்மா. மண்ணுல இருக்கிற பூஞ்சை. வேர் வழியா ஏறி, தண்ணி போற பாதையை அடைச்சிடும்.”

தக்காளிக்காரம்மா நம்பவில்லை. தண்டின் துணுக்குகளைக் கண்ணாடித் தட்டில் வளரவிட்டு, அடுத்த வாரம் வரச் சொன்னார் இலை டாக்டர். அவர் திரும்பி வந்தபோது தட்டில் பஞ்சு மாதிரி, லேசான இளஞ்சிவப்பில் பூஞ்சை படர்ந்திருந்தது. மைக்ராஸ்கோப்பில் அதன் வித்துகள் பிறைபிறையாகத் தெரிந்தன. பார்த்து நிமிர்ந்த தக்காளிக்காரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“அவன் வாசல்ல நின்னு வாய்க்கு வந்தபடி திட்டிட்டேனே. இனி எந்த மூஞ்சியோட போவேன்?”

“நான் கூட வரேன். அவர் தோட்டத்தையும் பார்க்கணும்.”

கொழுந்தனின் செடிகளிலும் அடி இலைகள் மஞ்சளாகியிருந்தன. தண்டைக் கீறிக் காட்டியதும் அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

“நீங்கதான் ஏதோ பண்ணிட்டீங்கன்னு நானும் நினைச்சிட்டிருந்தேன் அண்ணி.”

தக்காளிக்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாடிய செடிகளை இருவரும் சேர்ந்தே பிடுங்கிக் கொளுத்தினார்கள். அடுத்த பருவம் இரு தோட்டத்திலும் தக்காளியை விட்டுச் சோளம் போட்டார்கள்.

அதன்பின் எந்த இலை சுருண்டாலும் இருவரும் ஒரே வண்டியில்தான் வருவார்கள். வழியில் தொடங்கிய சண்டையை அறைக்குள்ளும் விடமாட்டார்கள். வேலை முடிந்தாலும் இலை டாக்டர் ஏதாவது பேச்சுக் கொடுத்து அவர்களை உட்கார வைப்பார்.

இப்போது செடியோடு வர வேண்டாம், இலையைப் படமெடுத்து ஆய்வுக்கூடத்துக்குப் போனில் அனுப்பினால் போதுமாம். வசதிதான், அவரும் ஒத்துக்கொள்வார். அந்த அறையில் இப்போது யாராவது சத்தம் போட்டுப் பேசுவார்களா என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.